சத்தமில்லாமல் எரிந்த வால்வு

2013 ஏப்ரல் 7, ஞாயிற்றுக்கிழமை. சுபஹ் தொழுதுவிட்டு வந்து, முற்றத்துப் பந்தலின் கால்கள் நேராக நிற்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்தேன். இரண்டு சரிந்திருந்தன, நிமிர்த்தினேன். பால் விடாத பிளேன்டி குடித்தேன். சீனி கூடியிருந்தது. காற்சட்டையை அயன் பண்ணி, மடிப்புக் கலையாமல் கதிரையில் தொங்கவிட்டேன். கார்க் கண்ணாடிகளைப் பழைய பத்திரிகையால் துடைத்தேன். டயர்களின் காற்று, ரேடியேட்டர் தண்ணீர், எஞ்சின் ஒயில் எல்லாம் பார்த்தேன். எல்லாம் சரி.

என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இவ்வளவு ஒழுங்காகத்தான் தொடங்குகிறது. பக்கத்தின் கீழ்ப்பாதியில் கையெழுத்தே மாறிவிடுகிறது. (ஒயில் கறையும் இருக்கிறது.)

அன்று என் கடைசித் தங்கை ரிஸ்வானாவின் கலியாணம்.

நான் நில அளவைக் கந்தோரில் படம் வரைகிறவன். ஒரு கோடு இன்னொரு கோட்டைத் தாண்டி ஊசிமுனையளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எனக்கு அன்று சோறு இறங்காது. வீட்டிலும் அப்படித்தான். கதவு கிறீச்சிட்டால் ஒயில் விடுவேன். குழாய் சொட்டினால் எழும்பிப் போய் இறுக்குவேன். என் மனைவி ஜெஸீமா மூக்கை உறிஞ்சினால்கூட ஒரு பார்வை பார்ப்பேன். (அதற்கு அவள் திருப்பிப் பார்க்கும் பார்வையை இங்கே எழுத முடியாது.)

எனக்குப் பொறுக்க முடியாத சத்தம் ஒன்று அந்த வீட்டில் வெகுகாலமாக இருந்தது. வாப்பாவின் கார்.

சாம்பல் நிற மொறிஸ் மைனர். என்னைவிட மூத்தது. வாப்பாவுக்குக் கல்முனைக் கடைத்தெருவில் புடவைக்கடை. மஃரிபுக்கு முன் கடையைச் சாத்திவிட்டு வருவார். ஒழுங்கை முகப்பில் திரும்பும்போதே எஞ்சினுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவது போல ‘டிக்-டிக்-டிக்’ என்று கேட்கும். அதைக் கேட்டதும் உம்மா கேத்தலை அடுப்பில் வைப்பார். வாப்பா காரை நிறுத்தி, கால் கழுவி, கதிரையில் சாய்வதற்கும் தேநீர் கைக்கு வருவதற்கும் சரியாக இருக்கும். அந்த வீட்டில் மிகத் துல்லியமாக நடந்த வேலை அதுதான். ஆனால் துல்லியத்துக்குப் பேர்போன எனக்கு அது தெரியவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் இரைச்சல் மட்டும்தான்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெண் வீட்டார் போய் அவரை அழைத்து வருவார்கள். இது ஊருக்கே பொது. வாப்பா தன் பங்குக்கு அதில் இரண்டு சட்டங்களைச் சேர்த்திருந்தார். ஒன்று, மாப்பிள்ளை மொறிஸில்தான் வர வேண்டும். மற்றது, காரில் ஏறிய மாப்பிள்ளையின் கால், எங்கள் வாசலில் பெண்ணின் சகோதரன் பன்னீர் கலந்த தண்ணீரால் கழுவும்வரை நிலத்தில் படக் கூடாது. என் இரண்டு மூத்த ராத்தாமாரின் மாப்பிள்ளைமாரும் அப்படித்தான் வந்தார்கள். ஒருவர் சாய்ந்தமருது, மற்றவர் மருதமுனை. ஏறி உட்கார்ந்து பெருமூச்சு விடுவதற்குள் இறங்கிவிடலாம். ரிஸ்வானாவுக்கு வாய்த்தவரோ தூரத்து அக்கரைப்பற்று.

பெயர் நௌசாத். தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் வாகன எஞ்சின் படிப்பிக்கிறவர். இந்தத் தகவல்தான் என் மண்டையில் புழுவாகக் குடைந்தது. எஞ்சின் படிப்பிக்கிற மனிதரை, சுத்தியல் அடிக்கிற எஞ்சினில் ஏற்றிக்கொண்டு வருவதா? நம் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்?

கலியாணத்துக்கு மூன்று வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து பொனட்டைத் திறந்தேன். சத்தம் வருவது டப்பட்டில் என்று எனக்குத் தெரியும். வால்வின் நுனிக்கும் அதை அழுத்தும் இரும்புக் கைக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. கை வந்து வால்வில் படும்போதெல்லாம் ‘டிக்’. இதற்கு இவ்வளவுதான் இடைவெளி வைக்க வேண்டுமென்று காரோடு வந்த புத்தகத்தில் எழுதியிருந்தது. நான் வாசித்தேன். வாசித்துவிட்டு, புத்தகம் எழுதியவனுக்குச் சுத்தம் போதாது என்று முடிவுசெய்தேன். இடைவெளி என்பதே பிழை என்பதுதான் எங்கள் கந்தோர்ச் சட்டம். எட்டு வால்வுக்கும் காற்றுகூடப் போகாதபடி இறுக்கினேன்.

ஸ்டார்ட் பண்ணினேன். பட்டுத் துணியை இழுத்தது போல ஒரு மெல்லிய சத்தம், அவ்வளவுதான். உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“என்னடா மனே, எஞ்சின் ஓடுதா, படுத்திட்டா?”

“ஓடுது மாமா!”

“மாஷா அல்லாஹ்! இது கார் இல்லடா, கட்டில்.”

வாப்பாவும் மெச்சினார். உம்மா மட்டும் முகத்தைச் சுளித்தார். அன்றிலிருந்து வாப்பா வந்து கதிரையில் சாய்ந்தபிறகுதான் அவர் வந்ததே உம்மாவுக்குத் தெரிந்தது.

“வந்து எவ்வளவு நேரம், ஒரு தேத்தண்ணி இல்லையா இந்த வீட்டுல?” என்பார் வாப்பா.

“கள்ளன் மாதிரி வந்து குந்தினா எனக்கென்ன தெரியும்?” என்பார் உம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, “நல்லாத்தான் இருந்த காரைக் கெடுத்துப் போட்டான்” என்பார்.

நான் சிரித்துக்கொண்டேன். எஞ்சினைப் பற்றி உம்மாவுக்கு என்ன தெரியும்!

கலியாணத்தன்று நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு அக்கரைப்பற்றுக்குப் புறப்பட்டோம். நான் ஓட்ட, வாப்பா முன்னால், மாமா பின்னால். பொனட்டில் மல்லிகைச் சரம். பெரியவர்கள் ஒரு வாடகை வானில் வந்தார்கள். அட்டாளைச்சேனையில் மொறிஸ் ஒருமுறை இருமியது. “தாகமாக்கும்” என்றார் மாமா. நான் பொருட்படுத்தவில்லை.

மாப்பிள்ளை வீட்டில் பிரியாணியும் வட்டிலப்பமும் முடிந்து, வான் முன்னால் போய்விட்டது. பிற்பகல் அசர் தொழுத கையோடு நிக்காஹ். விவாகப் பதிவுகாரருக்கு அதன்பிறகு மருதமுனையில் இன்னொரு நிக்காஹ் இருந்தது. சுணங்கினால் நிற்கமாட்டேன் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். நேரம் தாராளமாக இருந்தது. மாப்பிள்ளை கோட்டும் தொப்பியுமாகப் பின் ஆசனத்தில் மாமாவுக்குப் பக்கத்தில் ஏறினார். கதவைச் சாத்தும்போது வாப்பா சொன்னார்: “மாப்புள, இனி எங்கட வாசல்லதான் கால் வைக்கணும்.” மாப்பிள்ளை தலையாட்டினார். நல்ல உயரமும் பருமனுமான மனிதர். மொறிஸ் ஒருபக்கம் தாழ்ந்தது.

கொஞ்சத் தூரம் போனதும் தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டார்.

“டப்பட் சத்தமே இல்லையே, மச்சான்?”

நான் எதிர்பார்த்திருந்த நிமிடம் அது! “நானே செஞ்சன்” என்றேன். “ஒரு பொட்டு இடைவெளி இல்ல.”

“ஒரு பொட்டுமா?”

“ஒரு பொட்டும் இல்ல!”

கண்ணாடியில் பார்த்தேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. வியந்துபோய்விட்டார் என்று எடுத்துக்கொண்டேன். புதுமாப்பிள்ளை கலியாணத்தன்று அதிகம் கதைக்கக் கூடாது. கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பேசாமல் இருந்தார். அந்த மரியாதைதான் எங்களைக் கெடுத்தது.

பாலமுனையில் கார் நடுங்கத் தொடங்கியது. ஒலுவிலில் வேகம் விழுந்தது. நான் பெட்ரோலை மிதிக்க, சைலன்சர் ‘பட்’ என்று வெடித்தது. தெருவோரம் நின்ற ஆடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. களியோடைப் பாலத்தின் சின்ன ஏற்றத்தில் ஏறப் பார்த்து, முக்கி, முனகி, பின்னுக்கு வழுக்கி நின்றது. சைக்கிளில் மீன் பெட்டியோடு வந்த ஒருவர் எங்களை முந்திப் போய், பாலத்தின் உச்சியில் இறங்கித் திரும்பி நின்று பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வாகனம் நின்றால் அதைச் சுற்றி ஐந்து நிமிடத்தில் ஒரு கூட்டம் கூடிவிடும். வந்த ஒவ்வொருவரும் ஒரு காரணத்தோடுதான் வந்தார்கள்.

“பெட்ரோலுக்க மண்ணெண்ண கலந்திரிக்கி” என்றார் மாமா.

“ரேடியேட்டர்ல தண்ணி இல்ல. சூடேறிட்டு” என்றார் மீன்காரர்.

“கரி புடிச்சிரிக்கும் காக்கா. வயசுபோன எஞ்சின்தானே” என்றார் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர்.

“கண்ணூறு” என்றார் வாப்பா. “கட்டில் கட்டிலெண்டு ஒரு மனிசன் சொல்லிட்டுத் திரிஞ்சான்.” மாமா வானத்தைப் பார்த்தார்.

பின் ஆசனத்து ஜன்னலால் ஒரு தலை வெளியே வந்தது. “நான் ஒருக்காப் பாக்கட்டா, மாமா?” என்றார் மாப்பிள்ளை வாப்பாவிடம். கையும் கதவில் போய்விட்டது.

“கால வைக்காதீங்க!” என்று வாப்பா போட்ட சத்தத்தில் மீன்காரரும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

எஞ்சின் தெரிந்த ஒரே மனிதர் காருக்குள் சிறையிருந்தார். தெரியாத நாங்கள் எல்லோரும் வெளியே சுதந்திரமாக நின்றோம். கடைசியில் அவர் அத்தர் பூசிய வெள்ளைக் கர்ச்சீப்பை ஜன்னலால் என்னிடம் நீட்டினார்.

“மச்சான், ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப்போட்டு இத சைலன்சர் வாயில புடிங்க. ஊதுதா, உறிஞ்சுதா எண்டு பாருங்க.”

வாப்பா ஸ்டார்ட் பண்ணினார். நான் மண்ணில் முழங்கால் ஊன்றி, கர்ச்சீப்பைக் குழாய் வாயில் பிடித்தேன். அது ஊதியது, ஊதியது, திடீரென உள்ளே உறிஞ்சியது. மறுபடி ஊதியது, உறிஞ்சியது. அத்தரும் புகையும் கலந்து எனக்குத் தலைசுற்றியது.

“உறிஞ்சுது!” என்று கத்தினேன்.

“அப்ப வால்வு எரிஞ்சிட்டு” என்றார் மாப்பிள்ளை, காய்ச்சல் என்று டாக்டர் சொல்வது போல.

“நான் சொன்னன்தானே, மண்ணெண்ண!” என்றார் மாமா.

“ஓம் மாமா, பெட்ரோல் பிழையெண்டாலும் எரியும்.”

“தண்ணி?” என்றார் மீன்காரர்.

“சூடு கூடினாலும் எரியும்.”

“கரி?” என்றார் கடைக்காரர்.

“கரி வால்வுக்கு அடியில சிக்கினாலும் எரியும்.” வாப்பா வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். “ஆனா இது அதுகளால இல்ல. எஞ்சின் சூடானா வால்வு நீளும். நீள்றத்துக்குத்தான் அந்த இடைவெளி. இல்லாட்டி வால்வு போய்ச் சரியாக் குந்தாது. குந்தினாத்தான் அதுட சூடு ஆறும். குந்தாம நிண்டா, நெருப்பு அந்த நீக்கலால பாஞ்சு பாஞ்சு விளிம்பைத் திண்டுடும்.”

“அந்த இடைவெளிய ஆர் அடைச்சது?” என்று கேட்டார் மீன்காரர். அவருக்கு எதற்கு அந்தக் கவலை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை மட்டும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்.

அப்போது என் போன் அடித்தது. ரிஸ்வானா. மணப்பெண் போன் எடுப்பதென்றால் அலங்காரக்காரிக்குத் தெரியாமல் எடுத்திருக்க வேண்டும். அண்ணனான என்னைக் கிசுகிசுப்பாக அழைத்தாள்.

“காக்கா, எங்க நிக்கிறீங்க? அசர் பாங்கு சொல்லியாச்சு. பதிவுகாரர் மணிக்கூட்டப் பாத்துப் பாத்துக் குந்தியிருக்கார்.”

“இந்தா வந்திட்டம் தங்கச்சி.”

“பாதையில ஏதும் பிரச்சினையா?”

“இல்ல இல்ல.”

“சத்தத்தையும் காணல்ல. முந்தியெண்டா கார் வாறது ஒழுங்கையிலேயே கேக்கும்” என்றாள். அழுகைக்கு ஒரு மூச்சுத் தூரத்தில் இருந்தாள். “பொய் சொல்லாதீங்க காக்கா.”

நான் போனை வைத்தேன். என் ஒழுங்கும் என் சுத்தமும் என் தங்கையின் நிக்காஹைக் களியோடைப் பாலத்தடியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தன. வானைக் கூப்பிட்டால் கல்முனையிலிருந்து திரும்பி வர வேண்டும். ஓட்டோ பிடிக்கலாம் என்றேன்.

“கால் நிலத்துல படும்” என்றார் வாப்பா.

“தூக்கி ஏத்துவம், வாப்பா.”

எல்லோரும் மாப்பிள்ளையின் உடம்பை ஒருமுறை பார்த்தோம். அந்த யோசனை அதோடு முடிந்தது.

தள்ளிப் பார்த்தோம். மீன்காரர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தார், கடைக்காரர் வந்தார், மாமா தள்ளாமல் எண்ணிக்கொடுத்தார். கார் ஏற்றத்தில் பாதி போய், மாப்பிள்ளையோடு அழகாகத் திரும்பி வந்தது. நான் பொனட்டைத் திறந்து, சூடென்றும் பாராமல் கையை விட்டு எதையாவது இளக்கலாமா என்று தடவினேன். இரண்டு கையும் முழங்கைவரை கறுத்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் ஒலுவில் பக்கமிருந்து ஒரு உழவு இயந்திரம் வந்தது. அறுவடை முடிந்த காலம். பின்னால் இழுத்து வந்த பெட்டி நிறைய நெல் மூட்டைகள். கல்முனைப் பக்க மில்லுக்குப் போகிறது. ஓட்டுநர் நிறுத்தி, மல்லிகைச் சரத்தையும் மாப்பிள்ளையையும் பார்த்தார்.

“ஏறச் சொல்லுங்க மாப்புளைய. மூட்டைக்கு மேல இடம் இரிக்கி.”

“என்ட மருமகன் நெல்லு மூட்டையா?” என்றார் வாப்பா. பிறகு குரலைத் தாழ்த்தி, “கயிறு இரிக்கா, மனே?” என்று கேட்டார்.

கயிறு இருந்தது. மொறிஸைப் பெட்டிக்குப் பின்னால் கட்டினோம். உழவு இயந்திரம் ‘டுப்-டுப்-டுப்’ என்று நிந்தவூரே அதிரப் புறப்பட்டது. சத்தமில்லாத காருக்கு ஆசைப்பட்ட நான், இந்த மாகாணத்திலேயே அதிகச் சத்தம் போடும் எஞ்சினுக்குப் பின்னால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போனேன். கயிறு தொய்ந்தால் மாமா “பிரேக்கு!” என்பார். இறுகினால் “பிரேக்க விடு!” என்பார். ஒரு மூட்டையின் வாய் அவிழ்ந்து, நெல்லும் பதரும் காற்றோடு வந்து எங்கள் ஜன்னலுக்குள் கொட்டின. காரைதீவு தாண்டும்போது மாப்பிள்ளையின் தொப்பியிலும் தோளிலும் நெல். அவர் தட்டிவிடவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கர்ச்சீப் என்னிடம் கறுத்துக் கிடந்ததால் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கிறார் என்று சாய்ந்தமருதில்தான் கண்டுபிடித்தேன். தோள் குலுங்கியது.

எங்கள் ஒழுங்கைக்குள் உழவு இயந்திரம் நுழைந்ததும் உம்மா பந்தலைத் தாண்டி ஓடிவந்து இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

“நெல்லு இண்டைக்கு எடுக்கிறல்ல! இது கலியாண வீடு! மில்லுக்குக் கொண்டு போங்க!”

“உம்மா, பின்னால பாருங்க!” என்று நான் கத்தினேன்.

உம்மா பெட்டியைச் சுற்றி வந்து, மூட்டைகளுக்குப் பின்னால் மல்லிகைச் சரத்தையும், அதற்குப் பின்னால் என்னையும், எனக்குப் பின்னால் நெல் தூவிய மருமகனையும் பார்த்தார். “யா அல்லாஹ்” என்று முக்காட்டின் தலைப்பை வாயில் வைத்தார்.

பதிவுகாரர் ஒரு காலில் செருப்பு மாட்டியிருந்தார். மற்றதையும் மாட்டியிருந்தால் கதை வேறு. கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். “கெதியா” என்றார்.

கதவு திறந்தது. மாப்பிள்ளையின் கால்கள் தாம்பாளத்தில் இறங்கின. அக்கரைப்பற்றிலிருந்து நிலத்தில் படாமல் வந்த கால்கள். வாப்பா நிமிர்ந்து நின்றார். அவருடைய சட்டம் வென்றுவிட்டது. நான் பன்னீர்ச் செம்பைத் தூக்கி ஊற்றி, பயபக்தியோடு கழுவத் தொடங்கினேன். கழுவக் கழுவக் கால் கறுத்தது. பன்னீர் எஞ்சின் ஒயில் நிறமானது. என் கைகளைப் பற்றி எனக்கு நினைவே இல்லை. பந்தலில் பெண்கள் பக்கம் முதலில் ஒரு சிரிப்பு, பிறகு பல.

மாப்பிள்ளை குனிந்து என் கையிலிருந்த செம்பை மெல்ல வாங்கினார். “மச்சான், முதல்ல உங்கட கையக் கழுவுவம்” என்றார். அவர் ஊற்ற, நான் கழுவினேன். பிறகு நான் ஊற்ற, அவர் கால் கழுவினார். நிக்காஹ் முடிந்தபோது பதிவுகாரர் அவசரத்தில் தன் செருப்புக்குப் பதிலாக மாமாவின் செருப்பை மாட்டிக்கொண்டு மருதமுனைக்குப் போனார்.

அந்த எரிந்த வால்வு இப்போது நௌசாத் மச்சானிடம் இருக்கிறது. விளிம்பில் ஒரு துண்டு எலி கடித்த பிஸ்கட் மாதிரி இல்லாமல் போயிருக்கும். ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகளுக்கு அதைத் தூக்கிக் காட்டி, “வால்வு எரியப் பல காரணம் இரிக்கி. இது என்ட மச்சான்” என்று பாடத்தைத் தொடங்குவாராம். அக்கரைப்பற்று பஸ் சந்தியில் முன்பின் தெரியாத வாலிபர்கள் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரிப்பதற்கு வேறு காரணம் கிடையாது. வீட்டில் நான் குழாயை இறுக்கவோ கதவுக்கு ஒயில் விடவோ எழும்பினால், ஜெஸீமா இருந்த இடத்திலிருந்தே சொல்வாள்: “தட்டட்டும், விடுங்க.” என் பிள்ளைகளும் சொல்லப் பழகிவிட்டார்கள். வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. மொறிஸ் இன்னும் கொட்டிலில் நிற்கிறது. அதன் ஆசன மடிப்புகளில் இப்போதும் எப்போதாவது ஒரு நெல் அகப்படும்.

கலியாணத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை. சுபஹ் தொழுதுவிட்டு வந்து முதல் வேலையாக ஸ்பானர் சாவிப் பெட்டியோடு காரடிக்குப் போனேன். புதுமாப்பிள்ளை எனக்கு முந்தியே வந்து, புதுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பொனட்டைத் திறந்திருந்தார். வாப்பா தொழுத தொப்பியோடு பக்கத்தில் நின்றார். மச்சான் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடொன்றை என் கையில் தந்து, “நீங்களே வைங்க” என்றார். அந்தத் தகடு இறுகாமல் வழுக்கிப் போகும் அளவுக்கு எட்டு வால்வுக்கும் இடைவெளி வைத்தேன். எரிந்தது எரிந்ததுதான், அது பிறகு மாற்ற வேண்டியது. மற்றவை தப்பியிருந்தன. ஸ்டார்ட் பண்ணினேன். நொண்டி நொண்டி, ஆனால் தெளிவாக, ‘டிக்-டிக்-டிக்’ என்றது.

குசினிக்குள் ஏதோ உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு உம்மாவின் குரல்: “புள்ள ரிஸ்வானா, கேத்தல அடுப்புல வை. வாப்பா வாறார்.”

வாப்பா எங்களைப் பார்த்து, சத்தம் போடாதீர்கள் என்று விரலை உதட்டில் வைத்தார். பிறகு அப்போதுதான் வந்தவரைப் போல வாசலுக்குப் போய், கால் கழுவி, கதிரையில் சாய்ந்தார்.